மூக்கு அறுவை சிகிச்சை: தோற்றத்துக்கும் மூச்சுக்கும்

மூக்கில் அறுவை சிகிச்சை செய்துகொள்ள வருகிறவர்களில் இரண்டு வகை உண்டு. ஒருவருக்குப் பக்கவாட்டில் எடுத்த போட்டோவைப் பார்க்கும்போதெல்லாம் மூக்கின் நடுவில் தெரியும் மேடு உறுத்துகிறது. இன்னொருவருக்குத் தோற்றத்தைப் பற்றிக் கவலையே இல்லை. ராத்திரி முழுக்க வாயால் மூச்சு விட்டு, காலையில் தொண்டை காய்ந்து எழுந்திருப்பதுதான் தொல்லை. முதலாமவர் கேட்பது ரைனோபிளாஸ்டி, அதாவது மூக்கின் உருவத்தை மாற்றும் சிகிச்சை. இரண்டாமவருக்குப் பெரும்பாலும் தேவைப்படுவது செப்டோபிளாஸ்டி, மூக்கின் நடுச்சுவரை நேராக்கும் சிகிச்சை.

பெயர்கள் வேறு என்றாலும், இரண்டிலும் கத்தி படுவது அதே எலும்பிலும் அதே குருத்தெலும்பிலும்தான். இதை முதலில் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் எளிதாகப் புரியும். அழகுக்காக ஓரிடத்தில் குறைத்தால் மூச்சு அடைபடலாம். மூச்சுக்காக உள்ளே அளவுக்கு மீறி எடுத்தால் வெளியே மூக்கு பள்ளம் விழலாம்.

மூக்கின் உள்ளமைப்பு

கண்களுக்கு நடுவிலிருந்து விரலை மெதுவாகக் கீழே இறக்கிப் பாருங்கள். மேலே மூன்றில் ஒரு பங்கு கெட்டியாக இருக்கும். அது எலும்பு. அதற்குக் கீழே கொஞ்சம் இளக்கம் தெரியும். அங்கிருந்து குருத்தெலும்பு தொடங்குகிறது. நுனி இன்னும் நன்றாக வளைந்து கொடுக்கும். மூக்குத் துவாரங்களைச் சுற்றி வளைந்திருக்கும் ஒரு ஜோடி குருத்தெலும்புதான் நுனிக்கு வடிவம் தருகிறது.

உள்ளே இரண்டு பக்கத்தையும் பிரிப்பது நடுச்சுவர். மருத்துவர்கள் செப்டம் என்பார்கள், பேச்சில் மூக்குத் தண்டு. முன்பாதி குருத்தெலும்பு, பின்பாதி எலும்பு. பந்தலுக்கு நடுக்கால் எப்படியோ அப்படி, மூக்கின் நடுப்பகுதியையும் நுனியையும் தாங்கி நிற்பது இதுதான். அளவெடுத்தது போல நேராக நிற்கும் நடுச்சுவர் அபூர்வம். பெரும்பாலானவர்களுக்குக் கொஞ்சமாவது ஒரு பக்கம் சாய்ந்தே இருக்கும். அதனால் வேறு எதற்கோ எடுத்த ஸ்கேன் ரிப்போர்ட்டில் ‘தண்டு வளைவு’ என்று எழுதியிருப்பதைப் பார்த்துப் பதற வேண்டியதில்லை. அந்த வளைவு மூச்சைத் தடுக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதும். தடுக்கவில்லை என்றால் அதைச் சும்மா விட்டுவிடலாம்.

பக்கச் சுவர்களில் டர்பினேட் என்று மடிப்பு மடிப்பாகச் சதை இருக்கும். உள்ளே போகும் காற்றைச் சூடாக்கி, ஈரமாக்கி நுரையீரலுக்கு அனுப்புவது இவற்றின் வேலை. இவற்றில் ரத்தம் நிறைந்தால் வீங்கும், வடிந்தால் சுருங்கும். நோய் எதுவும் இல்லாதவர்களுக்கும் சில மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு பக்கம் வீங்கி மறுபக்கம் சுருங்குவது நடந்துகொண்டே இருக்கிறது. அடைப்பு பக்கம் மாறிக்கொண்டே இருந்தால் இந்தச் சுழற்சியும் அலர்ஜியும்தான் முதலில் நினைவுக்கு வர வேண்டும். வருடக் கணக்கில் ஒரே பக்கம்தான் அடைக்கிறது என்றால் தண்டு வளைவைச் சந்தேகிக்கலாம்.

இன்னொரு இடத்தைப் பற்றிப் பலருக்கும் தெரியாது. துவாரத்துக்குச் சற்று உள்ளே, நடுச்சுவரும் பக்கக் குருத்தெலும்பும் சந்திக்கிற ஒரு இடுக்கு இருக்கிறது. மூக்கின் வால்வு என்பார்கள். அந்தக் கோணம் சுமார் 10 முதல் 15 டிகிரிதான். மூக்கின் மூச்சுப் பாதையில் இதைவிடக் குறுகலான இடம் கிடையாது. அங்கே ஒரு மில்லிமீட்டர் நெருங்கினாலும் மூச்சில் தெரிந்துவிடும். கன்னத்தில் விரலை வைத்து வெளிப்பக்கமாக மெல்ல இழுத்துக்கொண்டு மூச்சை இழுத்துப் பாருங்கள். சட்டென்று காற்று தாராளமாகப் போனால் குறை வால்வில் இருக்கலாம். ஆனால் நல்ல மூக்கு உள்ளவர்களுக்கும் இதில் கொஞ்சம் வித்தியாசம் தெரியும் என்பதால், இதை வைத்து மட்டும் எந்த மருத்துவரும் முடிவெடுக்க மாட்டார்.

மேட்டைக் குறைக்கும் பழைய முறைகளில் இந்த வால்வுதான் அடி வாங்கியது. மேட்டைச் சீவி எடுத்தவுடன் மூக்கு அழகாகத்தான் இருக்கும். வருடங்கள் போகப் போகப் பக்கக் குருத்தெலும்பு உள்ளே சரிந்து, நடுப்பகுதி ஒடுங்கி, மூச்சும் குறையும். அமெரிக்க மருத்துவர் ஜாக் ஷீன் 1984-இல் இதற்கு ஒரு வழியை எழுதினார். நடுச்சுவருக்கும் பக்கக் குருத்தெலும்புக்கும் நடுவில் மெல்லிய குருத்தெலும்புப் பட்டைகளைச் செருகி, அந்த இடுக்கு விலகி நிற்கும்படி செய்வது. இன்று அழகுக்கான சிகிச்சையிலும் மூச்சுக்கான சிகிச்சையிலும் அதே பட்டைகள் பயன்படுகின்றன.

கொஞ்சம் பழைய கதை

மூக்கைச் சீரமைப்பது புதிய கலை இல்லை. கன்னத்துத் தோலைத் திருப்பிப் போட்டு அறுந்த மூக்கை மீட்கும் முறை சுஸ்ருத சம்ஹிதையிலேயே இருக்கிறது. நெற்றித் தோலை வைத்துச் செய்யும் இந்திய முறையைப் பற்றி 1794-இல் லண்டன் பத்திரிகை ஒன்றில் படத்தோடு செய்தி வந்தது. அதைப் படித்த ஜோசப் கார்ப்யூ என்ற ஆங்கில மருத்துவர் 1814-இல் அதே முறையைச் செய்து காட்டினார். அதெல்லாம் மூக்கை இழந்தவர்களுக்கான சிகிச்சை. இருக்கிற மூக்கை மாற்றியமைப்பது 1887-இல் ஜான் ரோ, 1898-இல் பெர்லினில் ஜாக் ஜோசப் ஆகியோரின் வேலைகளுக்குப் பிறகு வளர்ந்தது. நெற்றித் தோல் முறை இன்றும் கைவிடப்படவில்லை. புற்றுநோய்க்காக மூக்கின் ஒரு பகுதியை எடுத்தவர்களுக்கு அதைத்தான் செய்கிறார்கள்.

மூச்சுக்கான சிகிச்சை

மூக்கடைப்பு என்று போனவுடனே ஆபரேஷன் தேதி கொடுக்கிற மருத்துவரிடம் கொஞ்சம் உஷாராக இருங்கள். அடைப்புக்குப் பல காரணங்கள் உண்டு. அலர்ஜி, சைனஸ் தொல்லை, பாலிப் எனப்படும் சதை வளர்ச்சி, டர்பினேட் வீக்கம் எல்லாமே ‘மூக்கடைப்பு’ என்ற ஒரே புகாராகத்தான் வந்து நிற்கும். இவற்றில் பலவற்றுக்கு ஸ்டீராய்டு ஸ்பிரேயும் உப்புநீர்க் கழுவலும்தான் முதல் மருந்து. அவற்றைச் சில வாரங்களாவது ஒழுங்காகப் போட்டுப் பார்க்க வேண்டும். ஒழுங்காக என்பது முக்கியம். ஸ்பிரேயை நடுச்சுவரில் படும்படி அடித்துவிட்டு, ‘எனக்கு வேலை செய்யவில்லை’ என்பவர்கள் ஏராளம். ஸ்பிரே பாட்டிலின் நுனியைச் சற்று வெளிப்பக்கமாக, காது இருக்கும் திசையில் சாய்த்து அடிக்க வேண்டும்.

அடைப்பை உடனே திறக்கிற சொட்டு மருந்துகளும் உண்டு. அவற்றை மூன்று நாள், அதிகம் போனால் ஐந்து நாள் வரை போடலாம். மாதக் கணக்கில் போட்டால் அந்த மருந்தே அடைப்புக்குக் காரணமாகிவிடும்; போட்டால் திறக்கும், விட்டால் முன்னைவிட மோசமாக அடைக்கும். இப்படிச் சிக்கியவர்களுக்குச் சொட்டு மருந்தை நிறுத்துவதுதான் முதல் சிகிச்சை.

இவ்வளவுக்குப் பிறகும் அடைப்பு தீரவில்லை, பரிசோதனையில் வளைவும் தெளிவாகத் தெரிகிறது என்றால் செப்டோபிளாஸ்டி நல்ல பலன் தரும். பிரிட்டனின் 17 மருத்துவமனைகளில் 378 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2023-இல் வெளியானது. தண்டு வளைவால் அடைப்பு உள்ளவர்களுக்கு ஸ்டீராய்டு ஸ்பிரேயும் உப்புநீர் ஸ்பிரேயும் தந்த பலனைவிட அறுவை சிகிச்சை ஆறு மாதத்தில் தெளிவாகக் கூடுதல் நிவாரணம் தந்தது என்பது அதன் முடிவு.

செப்டோபிளாஸ்டியில் வெளியே ஒரு கீறல்கூட இருக்காது. துவாரத்துக்குள் சின்னதாகக் கீறி, நடுச்சுவரின் மேல் போர்த்தியிருக்கும் மெல்லிய சவ்வைப் பிரித்து, வளைந்த பகுதியை எடுத்தோ செதுக்கியோ நேராக்கி, சவ்வை மறுபடி ஒட்டித் தைத்துவிடுவார்கள். எவ்வளவு எடுத்தாலும் மேல் ஓரத்திலும் முன் ஓரத்திலும் குறைந்தது ஒரு சென்டிமீட்டர் அகலத்துக்குக் குருத்தெலும்பை விட்டுவைக்க வேண்டும். மூக்கு நிற்பது அதன் மேல்தான். எடுத்த துண்டைப் பெரும்பாலும் தூக்கிப் போட மாட்டார்கள். வால்வைச் சரிசெய்யவோ நுனியைத் தாங்கவோ அதுவே மூலப்பொருள். அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். பெரும்பாலும் அன்றே வீட்டுக்குப் போகலாம்.

கூடவே டர்பினேட்டையும் குறைப்பது வழக்கம். இதில் குறைப்பது வேறு, அடியோடு எடுப்பது வேறு. முழுசாக எடுத்துவிட்டால் பாதை அகலமாகத் திறந்திருக்கும், ஆனால் சிலருக்குக் காற்று போவதே உணர்வில் தெரியாமல் போய்விடும். மூக்கு காலியாக, வறண்டு, மூச்சு முட்டுவது போலவே இருக்கும். சரிசெய்யக் கடினமான நிலை அது. ‘டர்பினேட்டில் எவ்வளவு எடுப்பீர்கள்’ என்று கேட்கத் தயங்காதீர்கள்.

எதிர்பார்ப்பில் ஒரு திருத்தம். தண்டு நேரானதால் அலர்ஜி போகாது. தும்மலும் மூக்கு ஒழுகுவதும் அதற்கான மருந்தால்தான் அடங்கும். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் நோயும் மூக்கு ஆபரேஷனால் மட்டும் தீர்ந்துவிடுவது அரிது. அந்த நோய்க்காக இரவில் முகக்கவசக் கருவி மாட்டிக்கொள்கிறவர்களுக்கு அதைப் பயன்படுத்துவது சுலபமாகலாம், அவ்வளவுதான்.

தோற்றத்துக்கான சிகிச்சை

மேட்டைக் குறைக்கலாம். கோணலை நேராக்கலாம். அகன்ற எலும்பை நெருக்கலாம், தொங்கும் நுனியைத் தூக்கலாம், துவாரத்தின் அடிப்பகுதி அகலத்தைக் குறைக்கலாம், பள்ளமான மூக்கை உயர்த்தலாம். ஒன்று மட்டும் முடியாது. இன்னொருவருடைய மூக்கை அப்படியே கொண்டுவந்து உங்கள் முகத்தில் வைக்க முடியாது. தோலின் தடிமன், குருத்தெலும்பின் வலு, முக அமைப்பு எல்லாம் சேர்ந்துதான் முடிவைத் தீர்மானிக்கும். தடித்த தோல் உள்ளவர்களுக்கு உள்ளே எவ்வளவு நுணுக்கமாகச் செதுக்கினாலும் வெளியே அந்த அளவுக்குத் தெரியாது. மெல்லிய தோலில் எல்லாமே தெரியும், சின்னச் சின்னப் பிசிறு உட்பட.

செய்யும் வழி இரண்டு. ஒன்றில் எல்லாக் கீறலும் துவாரத்துக்குள்ளேயே இருக்கும். மற்றதில், இரண்டு துவாரங்களுக்கும் நடுவே இருக்கும் சின்னத் தூணின் குறுக்காக ஒரு கீறல் போட்டு, தோலை மேலே தூக்கி, எல்லாவற்றையும் கண்ணால் பார்த்துச் செய்வார்கள். அந்தத் தழும்பு சில மில்லிமீட்டர்தான். சில மாதங்களில் தேடிப் பார்த்தால்தான் தெரியும். எந்த வழி சிறந்தது என்பதில் மருத்துவர்களுக்குள்ளேயே பட்டிமன்றம் உண்டு. உங்கள் மருத்துவர் எதில் கைதேர்ந்தவரோ அதுதான் உங்களுக்கு நல்லது என்பது என் கருத்து. சிக்கலான மூக்குக்கும் இரண்டாம் முறை சிகிச்சைக்கும் பெரும்பாலும் திறந்து செய்யும் வழியைத்தான் எடுக்கிறார்கள்.

எலும்பை நெருக்க வேண்டுமானால் பக்கங்களில் திட்டமிட்டு உடைத்து நகர்த்துவார்கள். கேட்கவே ஒரு மாதிரி இருந்தாலும் இது வழக்கமான கட்டம்தான். சின்ன உளியாலோ அல்ட்ராசோனிக் கருவியாலோ செய்வார்கள். உயர்த்தவும் தாங்கவும் தேவைப்படும் குருத்தெலும்பு முதலில் நடுச்சுவரிலிருந்து வரும். அது போதாவிட்டால் காது, அதுவும் போதாவிட்டால் விலா எலும்போடு சேர்ந்த குருத்தெலும்பு. அப்படி எடுத்தால் மார்பில் தனியாக ஒரு தழும்பும் சில நாள் வலியும் இருக்கும் என்பதை முன்பே சொல்லிவிடுவார்கள். சொல்லாவிட்டால் நீங்கள் கேளுங்கள்.

உருவமும் மூச்சும் இரண்டுமே பிரச்சினை என்றால் ஒரே மேசையில் இரண்டையும் செய்வதுண்டு. கோணல் மூக்குக்கு அதுதான் நியாயமும்கூட. உள்ளே சுவர் வளைந்திருக்கும்போது வெளியே மட்டும் நேராக்கினால் அது நிலைத்து நிற்காது. இதையெல்லாம் காது மூக்கு தொண்டை மருத்துவர்களும் செய்கிறார்கள், பிளாஸ்டிக் சர்ஜன்களும் செய்கிறார்கள். பட்டத்தைவிட, மூக்கில் மட்டும் அவருக்கு எவ்வளவு பழக்கம் என்பதைப் பாருங்கள். காப்பீடு இருந்தால் இரண்டு பகுதிகளுக்கும் தனித்தனியாக என்ன விதி என்று எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். மூச்சுக்கான பகுதியை ஏற்று, தோற்றத்துக்கான பகுதியை விட்டுவிடுவதுதான் பொதுவான நடைமுறை.

முதல் சந்திப்பு

நல்ல மருத்துவர் உங்களை முதலில் பேச விடுவார். ‘மூக்கு நன்றாக இல்லை’ என்றால் அவருக்கு ஒன்றும் புரியாது. ‘பக்கவாட்டில் இந்த மேடு’, ‘சிரிக்கும்போது நுனி கீழே இறங்குகிறது’ என்று சுட்டிக்காட்டினால்தான் பேச்சு நகரும். அப்புறம் விளக்கும் எண்டோஸ்கோப்பும் வைத்து உள்ளே பார்ப்பார். மூச்சுத் தொல்லை எவ்வளவு என்று அளக்க ஐந்து கேள்விகள் கொண்ட ஒரு படிவத்தையும் தரலாம். பூஜ்யத்திலிருந்து 100 வரை மதிப்பெண் வரும், கூடக் கூடத் தொல்லை அதிகம்.

போட்டோ எடுப்பதைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். நேராக, பக்கவாட்டில், கீழிருந்து எனப் பல கோணத்தில் எடுப்பார்கள். சிலர் அதைக் கணினியில் மாற்றி ‘இப்படி வரலாம்’ என்று காட்டுவார்கள். உங்கள் மனதில் இருப்பதும் அவர் மனதில் இருப்பதும் ஒன்றுதானா என்று பார்த்துக்கொள்ளத்தான் அது பயன்படும். அந்தப் படத்தை ஒப்பந்தமாக நினைத்துக்கொண்டு பிறகு வந்து சண்டை போடுவதில் பிரயோஜனம் இல்லை.

செல்ஃபியை வைத்து முடிவெடுக்கவே வேண்டாம். 12 அங்குல தூரத்தில் எடுக்கும் செல்ஃபியில், ஐந்து அடி தள்ளி எடுத்த படத்தைவிட மூக்கின் அடிப்பகுதி சுமார் 30 சதவீதம் அகலமாகத் தெரியும் என்று 2018-இல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். கேமரா பக்கத்தில் இருந்தால் முன்னால் நீட்டிக்கொண்டிருப்பது பெரிதாகத் தெரிவது இயற்கை. நண்பரை ஐந்தாறு அடி தள்ளி நிற்கச் சொல்லி எடுத்த படத்தைப் பாருங்கள். பாதிப் பேருக்கு அங்கேயே பிரச்சினை தீர்ந்துவிடும் என்று எனக்கு ஒரு சந்தேகம்.

சில பேரிடம் ‘ஆபரேஷன் வேண்டாம்’ என்று மருத்துவரே சொல்லிவிடுவார். மற்றவர் கண்ணுக்குத் தெரியவே தெரியாத குறையை நினைத்து நாள் முழுக்கக் கண்ணாடி முன் நிற்பவர்கள், வெளியே போகவே கூசுபவர்கள் சிலர் உண்டு. இது உடல் தோற்றம் பற்றிய ஒரு மனநலக் கோளாறாக இருக்கலாம். இவர்களுக்கு ஆபரேஷன் முடிந்தாலும் நிம்மதி வராது, அடுத்த குறை தெரியத் தொடங்கும். மனநல மருத்துவரிடம் அனுப்பினால் அதை அவமானமாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. வளர்ச்சி முடியாத பிள்ளைகளுக்கும் அவசரம் கூடாது. தோற்றத்துக்கான சிகிச்சை என்றால் பெண்களுக்குச் சுமார் 15, 16 வயது வரையும் ஆண்களுக்குச் சுமார் 17, 18 வரையும் காத்திருக்கச் சொல்வார்கள்.

முன்னேற்பாடு

புகைப்பதை நிறுத்துங்கள். குறைந்தது சில வாரம் முன்பும் சில வாரம் பின்பும். நிகோடின் சின்ன ரத்தக் குழாய்களைச் சுருக்கும்; தோல் ஆறாது, ஒட்டிய சவ்வும் ஆறாது. ஆஸ்பிரின், இபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகள், மீன் எண்ணெய், வைட்டமின் ஈ, பூண்டு மாத்திரை, மூலிகைத் துணை மருந்துகள் எல்லாம் ரத்தக் கசிவைக் கூட்டக்கூடியவை. எதை எடுத்துக்கொண்டிருந்தாலும் ஒன்று விடாமல் சொல்லிவிடுங்கள். எத்தனை நாள் முன் நிறுத்த வேண்டும் என்பதை அவர்கள் சொல்வார்கள். இதயத்துக்காக ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மட்டும் தாங்களாகவே நிறுத்திவிடக் கூடாது. அது மூக்கைவிடப் பெரிய ஆபத்து.

உருவ மாற்றம் பெரும்பாலும் முழு மயக்கத்தில் நடக்கும். இரண்டிலிருந்து நான்கு மணி நேரம் ஆகலாம். முந்தைய சில மணி நேரம் வயிறு காலியாக இருக்க வேண்டும் என்பதில் கறாராக இருங்கள். வீட்டுக்கு அழைத்துப் போகவும் முதல் ராத்திரி கூட இருக்கவும் ஓர் ஆள் வேண்டும்.

அதன் பிறகான நாட்கள்

விழித்ததும் முதலில் தெரிவது வலியாக இருக்காது. அடைப்புதான். மூக்கால் துளிக் காற்றும் போகாது, வாயால்தான் மூச்சு, உதடு காயும், தொண்டை வறளும். பெரும்பாலானோருக்கு வலி எதிர்பார்த்ததைவிடக் குறைவு. சாதாரண மாத்திரையில் அடங்கிவிடும். பஞ்சை அடைத்து வைப்பது முன்பு வழக்கம், அதை உருவும் கதைகள்தான் பலரைப் பயமுறுத்தி வைத்திருக்கின்றன. இப்போது பல இடங்களில் பஞ்சே வைப்பதில்லை. நடுச்சுவரைத் தாங்க மெல்லிய சிலிக்கான் தகடுகளைச் சில நாள் வைத்து எடுத்துவிடுகிறார்கள். எலும்பைத் தொட்டிருந்தால் வெளியே ஒரு கெட்டியான கட்டு சுமார் ஒரு வாரம் இருக்கும்.

கண்ணைச் சுற்றி வீக்கமும் கன்றிப்போவதும் இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போகும். கண்ணாடியில் பார்த்தால் யாரோ குத்தியது போலிருக்கும். பயப்பட வேண்டாம், நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, இரண்டு வாரத்தில் மறைந்துவிடும். செப்டோபிளாஸ்டி மட்டும் என்றால் முகத்தில் இதெல்லாம் அநேகமாக இருக்காது. முதல் சில நாள் ரத்தம் கலந்த நீர் சொட்டுவது இயல்பு.

தலையை உயர்த்தி வைத்து, மல்லாந்து தூங்குங்கள். மூக்கைச் சிந்தக் கூடாது, சுமார் இரண்டு வாரத்துக்கு. தும்மல் வந்தால் அடக்காமல் வாயைத் திறந்து தும்முங்கள். குனிந்து கனம் தூக்க வேண்டாம். மருத்துவர் சொன்ன நாளிலிருந்து உப்புநீர் ஸ்பிரேயைச் சலிக்காமல் போடுங்கள். உள்ளே பொருக்குத் தட்டும், அது இளகி வெளியேற இதுதான் வழி. விரலால் நோண்டி எடுக்கிற ஆசையை மட்டும் எப்படியாவது அடக்கிக்கொள்ளுங்கள்.

செப்டோபிளாஸ்டி செய்தவர்கள் சுமார் ஒரு வாரத்தில் வேலைக்குப் போய்விடலாம். உருவ மாற்றம் செய்தவர்களும் ஒன்று, இரண்டு வாரத்தில் போகலாம், முகத்தில் மிச்சமிருக்கும் கன்றலைப் பற்றி நாலு பேர் விசாரிப்பதில் ஆட்சேபம் இல்லையென்றால். எலும்பை நகர்த்தியவர்கள் கண்ணாடியை மூக்கின் மேல் அழுத்தும்படி போட நாலு முதல் ஆறு வாரம் பொறுக்க வேண்டும். பந்து முகத்தில் படக்கூடிய விளையாட்டுகளுக்கு ஆறு வாரமாவது விடுமுறை.

கட்டைப் பிரிக்கும் நாளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஒரு வாரம் காத்திருந்து, கட்டை எடுத்ததும் தெரிகிற மூக்கு உங்கள் மூக்கும் இல்லை, கேட்ட மூக்கும் இல்லை. வீங்கி, நுனி மேலே தூக்கி, அகலமாக இருக்கும். அந்த நாளில் அழுதுவிடுகிறவர்கள் உண்டு. அதற்கு அடுத்த ஓரிரு வாரம் மனம் கனத்துப்போவதும் பலருக்கு நடக்கிறது. வீக்கத்தின் பெரும்பகுதி முதல் சில வாரங்களில் வடியும், மூன்று மாதத்தில் உருவம் ஓரளவு பிடிபடும், நுனி மட்டும் ஒரு வருடம் எடுத்துக்கொள்ளும். தடித்த தோலில் அதற்கு மேலும் ஆகும். காலையில் வீங்கி மாலையில் குறைவது, ஒரு பக்கம் முன்னால் வடிந்து மறுபக்கம் பின்தங்குவது எல்லாம் இந்த ஒரு வருடத்துக்குள் சகஜம். நுனியும் மேல் முன்பற்களும் சில வாரமோ சில மாதமோ மரத்தாற்போல் இருக்கும். வாசனை கொஞ்ச நாள் மங்கும், வீக்கம் வடிந்ததும் பெரும்பாலும் திரும்பிவிடும்.

மூச்சும் உடனே திறந்துவிடாது. தகடுகளை எடுத்த அன்று ‘ஆஹா’ என்று இருக்கும். மறுநாளே உள்வீக்கத்தால் மறுபடி அடைத்துக்கொள்ளும். நிலையான பலன் தெரிய ஒன்றிரண்டு மாதமாவது ஆகும்.

தவறக்கூடியவை

கசிவும் தொற்றும் எந்த அறுவை சிகிச்சைக்கும் உண்டு. மூக்குக்கே உரியவை சில. நடுச்சுவரின் சவ்வுக்கு அடியில் ரத்தம் தேங்கிவிட்டால் குருத்தெலும்புக்குப் போகும் ஊட்டம் தடைபடும். அது கரைந்து, மூக்கின் முதுகு பள்ளமாகிவிடக்கூடும். சவ்வு இரண்டு பக்கமும் ஒரே இடத்தில் கிழிந்தால் சுவரில் ஓட்டை விழலாம். ஓட்டை சின்னதாக இருந்தால் மூச்சு விடும்போது விசில் சத்தம் வரும், பெரிதானால் பொருக்கும் ரத்தக் கசிவும் தொடரும். உருவத்தில் சமச்சீர் இல்லாமல் போவது, அகற்றிய மேடு வடுத்திசுவால் நுனிக்கு மேல் மறுபடி எழும்புவது, வால்வு ஒடுங்குவது எல்லாம் தெரிந்த பக்க விளைவுகள்தான்.

அடக்க முடியாத ரத்தக் கசிவு, காய்ச்சல், குறையாமல் கூடிக்கொண்டே போகும் வலி, இரண்டு பக்கமும் உள்ளே மெத்தென்று வீங்கி முழுசாக அடைப்பது, பார்வையில் மாற்றம், கடும் தலைவலியோடு தண்ணீர் போலத் தெளிவாக ஒழுகுவது: இவற்றில் எது வந்தாலும் காலை வரை காத்திருக்க வேண்டாம், அந்த நேரத்திலேயே அழையுங்கள்.

கத்தியில்லாமல் ஊசியில் முடித்துத் தருகிறோம் என்று விளம்பரங்கள் வருகின்றன. ஃபில்லர் எனப்படும் ஜெல்லை ஏற்றி, மேட்டுக்கு மேலும் கீழும் நிரப்பி, மூக்கு நேராகத் தெரியும்படி செய்வது. மூக்கைச் சிறிதாக்க இதனால் முடியாது, மூச்சுக்கும் எந்தப் பலனும் இல்லை, சில மாதங்களிலோ ஒன்றிரண்டு வருடத்திலோ கரைந்துவிடும். ஊசிதானே என்று அலட்சியமாக இருக்கத் தோன்றும். ஆனால் ஜெல் தவறிப்போய் ரத்தக் குழாய்க்குள் நுழைந்தால் தோல் கருகலாம், அரிதாகக் கண் பார்வையே போகலாம். ஏற்கெனவே ஆபரேஷன் ஆன மூக்கில் இந்த ஆபத்து இன்னும் கூடும். ஹயலுரானிக் அமில வகை ஜெல் என்றால் கரைக்க மாற்று மருந்து உண்டு. அது கைவசம் இல்லாத இடத்தில் ஊசி போட்டுக்கொள்ள வேண்டாம்.

எல்லாம் சரியாகச் செய்தாலும் சிலருக்கு இரண்டாம் சிகிச்சை தேவைப்படும். உருவ மாற்றத்தில் நூற்றில் ஐந்து முதல் பதினைந்து பேர் வரை என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. உடனே செய்ய மாட்டார்கள். வடுத்திசு இளகி, வீக்கம் முழுசாக வடிய ஒரு வருடமாவது விடுவார்கள். முதல் முறையைவிட இது கடினம், ஏனென்றால் தோல் உள்ளே ஒட்டியிருக்கும், நடுச்சுவரில் எடுக்கக் குருத்தெலும்பு மிச்சம் இருக்காது. அதனால் முதல் முறை வீடு திரும்பும்போதே ஆபரேஷன் குறிப்பின் நகலையும் முன்பு எடுத்த போட்டோக்களையும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எங்கிருந்து எவ்வளவு எடுத்தார்கள், எங்கே என்ன வைத்தார்கள் என்று அடுத்து பார்க்கிற மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான்.